சேர்த்த தட்டுகளைப் பகிரும்போது பெயர்களையும் சொல்லத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளாகச் சேர்த்த சுமார் 150 சோல் இசைத்தட்டுகள், அதாவது அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுத் தட்டுகள், உங்களிடம் இருக்கின்றன. பெரும்பாலும் 1960களில் வந்த, நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் 45 வேகச் சிறுதட்டுகள். அவற்றிலிருந்து ஒரு மணி நேரத் தொகுப்பு ஒன்றைப் பதிவு செய்து இணையத்தில் பகிர விரும்புகிறீர்கள். எந்தக் கருவி, எப்படிப் பதிவு செய்வது, சட்டச் சிக்கல் வருமா என்று மூன்றைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில், "பாடல்களின் பட்டியலைக் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் 'தான்'தான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். பழைய சாமான் கடைகளில் முட்டி தேய உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான தட்டுகளைப் புரட்டிக் கண்டெடுத்ததை, யாரோ ஒருவர் பட்டியலைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் வாங்கிவிடுவாரே என்ற கவலை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எனக்கும் இருந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் ஓர் ஒலி ஆவணக் காப்பகத்தில் பழைய நாடாக்களையும் தட்டுகளையும் கணினிக்கு மாற்றும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். வார இறுதிகளில் வட இங்கிலாந்தின் தட்டுச் சந்தைகளில் சுற்றுவது பழக்கம். ஆகவே ஒலியைப் பற்றி நான் சொல்வது தொழில் அனுபவம். சேகரிப்பைப் பற்றிச் சொல்வது ஆசைக்காரனின் அனுபவம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது வேலையினூடே படித்துத் தெரிந்துகொண்டது மட்டும். நான் வழக்கறிஞன் அல்ல.

பெயரை மறைக்கும் ஆசை உங்களோடு தொடங்கியதல்ல. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் ஒலிபெருக்கி வைத்து நடனம் நடத்தியவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவரான காக்சன் டாட் தன் அடையாளப் பாட்டாக 'காக்சன் ஹாப்' என்று ஒன்றை இசைத்துவந்தார். அது உண்மையில் வில்லிஸ் ஜாக்சன் என்ற சாக்ஸபோன் கலைஞரின் தட்டு. போட்டியாளரான டியூக் ரீட் அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் மேடையில் போட்டுக் காட்டியதோடு கதை முடிந்தது. 1970களில் இதே விளையாட்டு வட இங்கிலாந்தில் நடந்தது. விற்காமல் போன அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடிப் பிடித்து விடிய விடிய ஆடிய கூட்டம் அது. 'நார்தர்ன் சோல்' என்று பெயர். விகன் காசினோ போன்ற அரங்குகளில் தட்டு இசைப்பவர்கள் லேபிள்மேல் காகிதம் ஒட்டி, பாடகருக்கு ஒரு பொய்ப் பெயரும் சூட்டிவிடுவார்கள். பாட்டு உங்கள் காலை ஆட்டும். ஆனால் கடைக்குப் போய்க் கேட்டால் அப்படி ஒரு பாடகரே இருக்கமாட்டார்.

இந்த விளையாட்டின் உச்சம் ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ'. 1965இல் டெட்ராய்ட்டின் மோடவுன் தட்டு நிறுவனத்தின் 'சோல்' என்ற துணை லேபிளுக்காக, அதாவது துணை வெளியீட்டுப் பெயருக்காக, அச்சானது. வெளியீடு நின்றுபோனது, வில்சன் பாடுவதை விட்டுத் தயாரிப்புப் பக்கம் போனார், அச்சான பிரதிகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சின. இங்கிலாந்தில் அது முதலில் சுற்றியது எட்டி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில். ஒரு கட்டத்தில் ரகசியம் உடைந்தது. 1979இல் மோடவுனின் பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோடவுன் அதைப் பிரிட்டனில் முறைப்படியே வெளியிட்டது; யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை வந்தது. மறைப்பதில்தான் மதிப்பு இருக்கிறது என்றால் அன்றோடு அசல் பிரதியின் விலை சரிந்திருக்க வேண்டும். 2009இல் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் போனது. 2020இல் 1,00,000 பவுண்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக ஆன பிறகுதான் அந்தத் தட்டு அந்த விலைக்கு வந்தது. இதை எல்லாத் தட்டுக்கும் விதியாக்க மாட்டேன். நீங்கள் இன்னும் மூன்று பிரதிகள் மலிவாகக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கும் தட்டு ஏதாவது இருந்தால், அதை மட்டும் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். மற்றவற்றுக்குப் பெயரை மறைப்பதால் உங்கள் கைக்கு ஒன்றும் வராது.

பெயரைச் சொல்லவேண்டும் என்பதற்கு என் காரணம் விலை அல்ல. 1990களில் ஒரு நண்பர் எனக்கு ஒரு கேசட் கொடுத்தார். உறையில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் நான்காவது பாட்டுக்கு நேரே வெறும் கேள்விக்குறி. அவருக்கும் தெரியவில்லை. தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து வேறொருவர் வீட்டில் தற்செயலாக அதைக் கேட்டபோது கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு லேபிளைப் பார்க்க ஓடினேன். ஓ. வி. ரைட், 'எ நிக்கல் அண்ட் எ நெயில்', பேக் பீட் லேபிள், 1971. மெம்ஃபிஸில் வில்லி மிட்சல் தயாரித்தது. பெயர் கிடைத்த அன்று எனக்கு ஒரு பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பாடகரின் மற்ற தட்டுகள், அதே பதிவுக் கூடத்தில் ஆல் கிரீன், ஆன் பீபிள்ஸ் என்ற பாடகர்கள் பதிவு செய்தவை என்று ஒரு தெருவே திறந்துகொண்டது. அந்தக் கேள்விக்குறியை இன்னொருவர் கையில் நீங்கள் கொடுக்கவேண்டாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இந்தத் தட்டுகளிலேயே பாதிப் பெயர்கள் ஏற்கெனவே மறைந்தவை. லேபிளில் பாடகர், பாட்டை இயற்றியவர், பதிப்பாளர், தயாரிப்பாளர் என்று இருக்கும், வாசித்தவர்கள் இருக்கமாட்டார்கள். டெட்ராய்ட்டில் மோடவுனின் 1960களின் பெரும்பாலான வெற்றிப் பாட்டுகளுக்குக் கீழே ஓடிய பேஸ் கித்தார் ஜேம்ஸ் ஜேமர்சனுடையது. மோடவுன் தட்டு ஒன்றின் உறையில் அவருடைய பெயரும் கூட்டாளிகளுடைய பெயர்களும் முறையாக அச்சானது 1971இல், பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான். நிறுவனம் தொடங்கியது 1959இல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த இடைவெளியை எண்ணிப் பாருங்கள். ஆகவே பட்டியலில் பாடகர், பாட்டு, லேபிள், ஆண்டு, பதிவான ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். பேஸும் டிரம்ஸும் வாசித்தவர்கள் யார் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அதையும் சேருங்கள். தெரியாத இடத்தில் ஊகிக்கவேண்டாம். இணையத்தில் ஒருவர் ஊகித்து எழுதியதைப் பத்துப் பேர் நகலெடுத்துத் தகவலாக்கிவிடுகிறார்கள்.

இனி பதிவு. கருவியை நீங்கள் முதலில் கேட்டீர்கள். எனக்கு அது இரண்டாவது. உங்களிடம் இருக்கும் டர்ன்டேபிள் சரியான வேகத்தில் சுற்றினால், ஊசி புதிதாக இருந்தால், போதும். தட்டின் நிலைமைதான் முக்கியம். 1960களின் அமெரிக்கச் சிறுதட்டுகள் எல்லாம் வினைல் அல்ல. கணிசமானவை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். வினைலைச் சூட்டில் அழுத்தி அச்சடிப்பார்கள். ஸ்டைரீனை உருக்கி அச்சுக்குள் செலுத்தி வார்ப்பார்கள். விளிம்பை நகத்தால் லேசாகத் தட்டினால் வினைல் மந்தமாகவும், ஸ்டைரீன் தேநீர்க் கோப்பைபோலக் கணீரென்றும் ஒலிக்கும். லேபிள் மேலே பசையிட்டு ஒட்டியதாக இருப்பதும் ஓர் அடையாளம். பார்வைக்குப் பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் தேய்ந்துபோயிருக்கும் பண்பு அதற்கு உண்டு. குறிப்பாக, பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் கையால் சுற்றாதீர்கள். வானொலி நிலையங்களில் அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் பல விளம்பரப் பிரதிகளின் முதல் இரண்டு விநாடிகள் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலாகிக் கிடக்கின்றன. ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக, முழுதாக, ஒரே ஓட்டத்தில் கணினியில் பதிவு செய்துகொண்டு, கோப்பதை அங்கே செய்யுங்கள். நேரடியாக இரண்டு டர்ன்டேபிளில் கலப்பது பார்க்க அழகு. தட்டுக்கு அது நல்லதல்ல.

பதிவில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்சச் சத்தம் அளவுமானியில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். அக்காலச் சிறுதட்டுகள் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ ஊசியால் எடுத்திருந்தால் இடது, வலது இரண்டையும் கூட்டி ஒன்றாக்கிவிடுங்கள். மோனோ தட்டில் இசை பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது; மேல்கீழ் அசைவில் வருவது அனேகமாகத் தூசியும் தேய்மானமும்தான். கூட்டும்போது அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எந்த மென்பொருளும் இல்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இது. நடுத்துளை சரியாக மையத்தில் இல்லாத தட்டுகள் உண்டு. நீண்டு ஒலிக்கும் சுரத்தில் குரல் ஊஞ்சலாடும். 45 வேகத் தட்டின் துளை ஒன்றரை அங்குலம் என்பதால், இடையிலே வைக்கும் வில்லையை எடுத்துவிட்டு, ஊசிக்கரம் ஆடாமல் நிற்கும்வரை தட்டை ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள். பொறுமை வேண்டும். ஆனால் பலன் தெரியும்.

எது சந்தேகத்துக்கு இடமானது என்றால் சுத்தம் செய்யும் திரவமும் இரைச்சல் நீக்கமும். வடிகட்டிய நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு என்பதோடு நான் நின்றுகொள்கிறேன். ஆல்கஹால் சேர்ப்பதைப் பற்றி என் சக ஊழியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. உங்கள் பெட்டியில் 78 வேகத் தட்டு ஏதாவது கலந்திருந்தால் அதன்மேல் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது. அவை பெரும்பாலும் அரக்கால் ஆனவை; அரக்கு கரைந்துவிடும், அதில் கட்சியே கிடையாது. இரைச்சல் நீக்கத்தில் நானே சூடுபட்டிருக்கிறேன். என் முதல் தொகுப்பை மென்பொருளில் போட்டு நன்றாகத் துடைத்துவிட்டேன். பின்னணி பட்டுப்போல அமைதியாக இருந்தது. பழைய விகன் காசினோ ஆட்டக்காரர் ஒருவரிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பாதிப் பாட்டில் தலையைத் திருப்பி, "டம்பரின் எங்கே?" என்றார். உண்மைதான். மென்பொருளுக்கு டம்பரினின் சலங்கைச் சத்தமும் தூசியின் கரகரப்பும் ஒரே சாதி. அதன்பிறகு பெரிய 'டப்' சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன். மோடவுனில் கார் வானொலியின் சின்ன ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கிறது என்று சோதித்துத்தான் கலவையை முடிவு செய்வார்கள்; அந்தக் கூர்மையை மழித்துவிட்டால் பாட்டில் என்ன மிஞ்சும்?

வரிசையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் தொகுப்பு நின்றாலும் விழுந்தாலும் அங்கேதான். இந்தப் பாடல்கள் இரண்டரை, இரண்டே முக்கால் நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 22 முதல் 24 தட்டுகள் தேறும். முதல் சபலம், உங்களிடமிருக்கும் அபூர்வமான பத்தை முதலிலேயே அடுக்குவது. கேட்பவருக்கு அபூர்வம் தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும். இரண்டாவது சபலம், இன்றைய நடன இசைபோலத் தாளத்தோடு தாளத்தை ஒட்டவைப்பது. அது சோலுக்கு ஒத்துவராது. இயந்திரத் தாளம் வைத்துப் பதிவு செய்தவை அல்ல இவை. டிரம்ஸ்காரர் உற்சாகமானால் பல்லவியில் வேகம் ஏறும். அது மட்டுமல்ல, மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனப் பதிவுக் கூடத்தில் 1965இல் பாடகர் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் அவர்' பதிவானபோது, அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்து, அப்போது இளைஞர்கள் ஆடிய 'ஜெர்க்' ஆட்டத்தை ஆடிக் காட்டி, இரண்டாவது அடி எங்கே விழவேண்டும் என்று சொன்னார். அதைப் பிடித்துக்கொண்ட டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சனும் கித்தார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பரும் அந்த அடியை ஒரு நூலளவு தாமதித்து வாசித்தார்கள். பிறகு ஸ்டாக்ஸ் தட்டுகளில் அதுவே ஒரு பழக்கமானது. எண்ணிக்கையில் அதே வேகமுள்ள டெட்ராய்ட் தட்டை அதோடு ஒட்டவைத்துப் பாருங்கள். ஒன்று சாய்ந்து நடக்கும், மற்றொன்று நெஞ்சை நிமிர்த்தி முன்னே போகும். இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அதனால் நான் ஊர்வாரியாகக் கோப்பேன். நாலைந்து மெம்ஃபிஸ் தட்டுகள், பிறகு ஒரு மெதுவான பாட்டு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டெட்ராய்ட். பெரும்பாலான தட்டுகள் முடிவில் மெல்ல மங்கி ஓய்பவை. அந்த மங்கலே உங்கள் கதவு. குரல் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டின் முதல் அடி விழட்டும். மறுபக்கங்களை மறக்காதீர்கள். 1962இல் புக்கர் டி அண்ட் த எம்ஜீஸ் குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' முதலில் வேறொரு பாட்டுக்கு மறுபக்கமாகத்தான் அச்சானது. ஸ்டாக்ஸ் கூடம் இருந்த பழைய திரையரங்கின் முன்பகுதியில், கூட்டுச் சொந்தக்காரரான எஸ்டெல் ஆக்ஸ்டன் ஒரு தட்டுக்கடை நடத்தினார். பின்னால் பதிவானதைக் கடையில் போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கால் எதற்கு அசைகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொல்வார். நீங்களும் அப்படிச் செய்யலாம்: பதிவேற்றும் முன் வீட்டில் யாராவது சமைக்கும்போது தொகுப்பை ஓடவிடுங்கள். எந்த இடத்தில் "இது யார் பாடியது?" என்று கேட்கிறார்கள், எந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிவைப் பொறுத்தவரை விகன் காசினோவிடம் கற்கலாம். காலை எட்டு மணிக்கு அரங்கம் முடியுமுன் எப்போதும் அதே மூன்று பாடல்களைத்தான் போடுவார்கள்; எல்லோருக்கும் தெரிந்த பாடல்கள். அபூர்வத்தைத் தேடி வந்த கூட்டம்கூடத் தெரிந்த பாட்டோடு வீட்டுக்குப் போகத்தான் விரும்பியது.

சட்டம். தட்டு உங்களுடையது, அதில் இருக்கும் ஒலிப்பதிவும் பாட்டும் உங்களுடையவை அல்ல. இரண்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விடை அதைப் பொறுத்து மாறும். அமெரிக்காவில் 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு, 2018இல் வந்த சட்டத்தின்படி 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. அதாவது சோலின் பொற்காலம் முழுவதும் உள்ளே. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 50 ஆண்டுகளாக இருந்ததை 70 ஆக்கினார்கள். 1963க்கு முன் வெளியாகிக் காலம் முடிந்திருந்தவற்றுக்கு அது திரும்ப உயிர் கொடுக்கவில்லை. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஒலிப்பதிவு காலாவதியானாலும் பாட்டை இயற்றியவரின் உரிமை அவர் மறைந்த பிறகும் பல பத்தாண்டுகள் ஓடும். ஆகவே 'பழசுதானே' என்பது எங்கும் பதிலாகாது. நடைமுறையில், தொகுப்புகளுக்கென்றே உரிமையாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மிக்ஸ்கிளவுட் போன்ற தளத்தில் கேட்க மட்டும் கொடுங்கள். தரவிறக்கக் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். அமெரிக்க இணைய ஒலிபரப்பு விதியில் ஒரு வேடிக்கை உண்டு: மூன்று மணி நேரத்துக்குள் ஒரே பாடகரின் நான்கு பாட்டுக்கு மேல் கூடாது, என்ன பாட்டு வரப்போகிறது என்று முன்கூட்டி அறிவிக்கவும் கூடாது, ஆனால் ஒலிக்கும்போது பாட்டு, பாடகர் பெயரைக் காட்டியே ஆகவேண்டும். உங்கள் கேள்விக்கு அந்த விதியே ஒரு பதில் வைத்திருக்கிறது. நண்பர்கள் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பினால் தவறா என்பதில் நாட்டுக்கு நாடு, வழக்கறிஞருக்கு வழக்கறிஞர் கருத்து மாறும். நான் அதில் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

கடைசியாக, ஒரு தட்டில் விரிசல் இருக்கிறது, சேர்க்கலாமா என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். நகத்தை அதன் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். இரு ஓரங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஊசிக்கு ஆபத்து குறைவு. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள், ஊசி முறிந்துவிடும். மட்டமாக இருந்தால் நிமிடத்துக்குச் சரியாக 45 முறை 'டிக்' என்று கேட்கும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 அடி அளவில் இருந்தால், இரண்டு அடிக்கு ஒரு முறை அந்த டிக் தாளத்தோடேயே விழும்; கொஞ்ச நேரத்தில் விலகிப் போய், பாட்டு முடிவதற்குள் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளவும் கூடும். நானாக இருந்தால் அந்த டிக்குகளை அழிக்காமல், கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடத்தில் அதை வைப்பேன். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'விரிசல் விட்ட பிரதி' என்றும் எழுதிவிடுவேன்.